கைக்கும் கூர்மைக்கும் நடுவே

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

வாளைப் பாடாத புலவர் இல்லை. வேலைப் போற்றாத நாளும் நம் ஊருக்கு இல்லை. ஆனால், வாளைப் பிடித்த கை வழுக்கி அதன் கூர்மையிலே போய் விழாமல் குறுக்கே நின்று காக்கிறதே ஒரு சிறு தகடு, அதை யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நானும் எண்ணியதில்லை, சென்ற ஆண்டு வரையில்.

அதைச் சொல்லுமுன் தோழர்களிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலாண்டு வகுப்பின் முதல் நாளன்று ஒவ்வொருவராக எழுந்து பெயரும் ஊரும் தந்தையின் தொழிலும் சொன்னோம். என் முறை வந்தபோது "விவசாயம்" என்றேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. என் தந்தையார் கொல்லர். நந்தியாற்றுக்கு அப்பால், சாலையோரப் புளியமரத்தடியில் அவருடைய பட்டறை இருக்கிறது. அரிவாள், மண்வெட்டி, கடப்பாறை, கரும்பு வெட்டும் கத்தி இவையே அவர் செய்பவை. ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது காவடிக்காரர்களுக்குச் சிறு வேல்களும் அடித்துத் தருவார். பள்ளியில் என்னைக் 'கரி' என்று கூப்பிட்டவர்கள் உண்டு. அந்தப் பெயர் மின்தொடர் வண்டி ஏறிக் கல்லூரிக்கும் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் சொன்ன பொய் அது. இம்மலரின் வாயிலாக அதைத் திருத்திக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு நண்பர்கள் ஐந்து பேர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1851இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் நிலையம் அது. மற்றவர்கள் செப்புத் திருமேனிகளைக் காண விரைந்தார்கள். நான் வழி தவறிப் படைக்கலங்கள் இருந்த பக்கம் போய்விட்டேன். வழி தவறினேன் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. இரும்பைக் கண்டால் என் கால்கள் தாமாகவே நிற்கின்றன.

அங்கே தஞ்சாவூர் அரண்மனைப் படைக்கலச் சாலையிலிருந்து வந்த குத்துவாட்கள் இருந்தன. கட்டாரி என்று நம் பாட்டிமார்கள் கதையிலே சொல்வார்களே, அதுதான். கட்டாரிக்கு மற்றக் கத்திகளைப் போல நீண்ட பிடி கிடையாது. இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள் இருக்கும். அவற்றைப் பற்றி முட்டியை மடக்கினால் அலகு முட்டியின் நேர் நீட்சியாக நிற்கும். தெற்கத்திக் கட்டாரிகளில் இன்னொன்றும் உண்டு. பிடித்த கையின் புறத்தை மூடிக்கொண்டு, காற்று நிறைந்த பாய் போல, ஓர் இலை போல வளைந்து நிற்கும் எஃகுத் தகடு. கை காக்க வந்த அந்தத் தகட்டை வெறுமனே விட மனம் வரவில்லை, நம் முன்னோர்க்கு! அதிலே கொடி ஓடுகிறது. கிளி அமர்ந்திருக்கிறது. யாளி வாய் பிளக்கிறது. உச்சியிலே நாகம் படம் எடுக்கிறது. எல்லாம் எஃகைத் துளைத்தும் வெட்டியும் செய்தவை. 16, 17ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு என்கிறார்கள். இப்படிப்பட்ட கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது, பிடியும் தகடும் நம் நாட்டுக் கொல்லர் செய்தவை. கொல்லும் பகுதி அயல்நாடு, காக்கும் பகுதி நம் நாடு என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தில் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

திரும்பும் வண்டியில் கைப்பேசியிலே தேடிக்கொண்டு வந்தேன். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன் படங்களில் பெரும்பகுதியை 2017இல் உலகோர் எல்லோருக்கும் திறந்து விட்டது. அங்கேயும் தஞ்சைக் கட்டாரிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் வட்ட வட்டமான இரும்புத் தகடுகள் சில கண்ணில் பட்டன. தோசைக்கல்லைச் சுருக்கி உள்ளங்கை அளவாக்கியது போலிருந்தன. நடுவிலே ஒரு துளை. 'சுபா' என்று பெயர். ஜப்பானிய வாளின் அலகுக்கும் பிடிக்கும் இடையே கோத்து வைக்கும் கைகாப்பு. அரக்கோணம் வந்ததும் தெரியவில்லை, திருத்தணி வந்ததும் தெரியவில்லை. நண்பன் தோளைத் தட்டி இறக்கினான்.

அத்தகடுகளிலே நான் கண்டவற்றை எப்படிச் சொல்வேன்! நிலவைக் கடந்து போகும் காட்டு வாத்துகள். அலைமேல் பறக்கும் சிறு பறவைகள். செவ்வந்திப் பூவின் இதழ்களே விளிம்பாக அமைந்த ஒரு வட்டம். நெற்கதிர். பனி சுமந்த தேவதாரு. புல்நுனியில் கும்பிடுபூச்சி. தட்டாரப்பூச்சியை அவர்கள் வெற்றிப்பூச்சி என்கிறார்களாம். அது முன்னோக்கியே பறக்கும், பின்வாங்காது என்று அவர்கள் நம்பியதால் வீரர்களுக்கு உகந்த சின்னம். நம் ஊரிலே அதன் வாலில் நூல் கட்டி விளையாடுகிறோம்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. டோய் தொஷிட்சுரா என்ற குறுநிலத் தலைவர் ஒருவர், டச்சுக்காரர் வழி வந்த நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, விழும் பனித்துகள்களைப் பல குளிர்காலங்கள் பார்த்துப் படம் வரைந்தார். 1832இல் அவர் வெளியிட்ட நூலில் 86 பனிப்படிகங்களின் வடிவங்கள் இருந்தன. பிறகு அந்த ஆறுமுக வடிவங்கள் துணியிலும் பாத்திரத்திலும் வாளின் கைகாப்பிலும் ஏறிவிட்டன. நுண்ணோக்கியில் கண்டது பட்டறையில் போய்ச் சேர்ந்ததே! நம் ஆய்வுக்கூடத்திலிருந்து எதுவாவது எங்கள் புளியமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததுண்டா என்று நினைத்துப் பார்த்தேன்.

ஜப்பான் ஏதோ எட்டாத நாடு என்று நினைத்துவிட வேண்டாம். நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கப்பல்கள் சோழமண்டலக் கரைத் துணிகளை நாகசாகி வரை கொண்டு போயின. கோடு போட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சாந்தொமே'. நம் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்தான் அது. வாளேந்திய சாமுராய்களின் நாட்டிலே நம் நெசவாளியின் கோடும் வழங்கியிருக்கிறது!

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் என் தந்தையாரிடம் கைப்பேசியை நீட்டினேன். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். என் பாடங்களைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்படி ஒரு சுவர் எங்களுக்குள் எழுந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கினார். பூவையும் பறவையையும் அவர் பார்க்கவே இல்லை. நேராக நடுத்துளைக்குப் போனார்.

"இங்க பாருடா. இரும்புத் துளையில ரெண்டு முனையிலயும் செம்புத் துண்டு அடிச்சி வெச்சிருக்கான்."

"ஆமா நைனா. எதுக்கு?"

"இரும்பும் இரும்பும் ஒரசினா ஆடும். கத்தியோட வாலையும் தின்னும். நடுவுல மெத்துனு ஒண்ணு வேணும். நம்ம பிடிக்குப் பூண் போடறோமே, அந்த மாதிரிதான். பக்கத்துல இருக்கிற ஓட்டை, கூட ஒரு சின்னக் கத்தி செருகறதுக்கா இருக்கும்."

அவ்வளவும் சரி! பிறகு நான் படித்த விளக்கங்கள் அனைத்தும் அதையே சொல்லின. துளை தளர்ந்தால் சுற்றிலும் உளியால் தட்டி இறுக்கிய தழும்புகளைக்கூட அவர் படத்திலே காட்டினார். ஒரே தகடு ஒரு வாளிலிருந்து இன்னொரு வாளுக்கு மாறியிருக்கிறது என்று அதைக்கொண்டே சொன்னார். பேராசிரியர் ஒருவர் முன் அமர்ந்திருக்கிறேன் என்றே எனக்குப்பட்டது. இவரையா நான் 'விவசாயம்' என்று மறைத்தேன்?

தஞ்சைக் கட்டாரியையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இது அச்சுல ஊத்தினது இல்ல. முழுத் தகட்டுல துளை போட்டு, உளியால எடுத்து, அரத்தால தேச்சது. ஒரு தகட்டுக்கு மாசக்கணக்காகும்" என்றார். "இந்த மாதிரி எத்தினி இருந்திருக்கும்?"

நான் படித்ததைச் சொன்னேன். 1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அரண்மனைப் படைக்கலச் சாலை கலைக்கப்பட்டது. சிறந்தவை என்று தோன்றிய சிலவற்றை அருங்காட்சியகத்துக்கு எடுத்து வைத்தார்கள். மற்றவற்றில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டார்கள்.

"எடைக்கா போட்டாங்க?"

"ஆமா நைனா."

அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அம்மா என்னவோ ஏதோ என்று என்னைப் பார்த்தார்கள். எங்கோ பிறந்து எப்போதோ இறந்துபோன முகம் தெரியாத கொல்லன் ஒருவனுக்காக என் தந்தையார் துக்கம் காத்தார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன். அரை மணி கழித்து உள்ளே வந்தார்.

"ஜப்பான்காரங்க என்னா ஆனாங்க?"

1876இல் ஜப்பானிய அரசு, படையினரும் காவலரும் தவிர மற்றவர்கள் வாள் தரிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. வாளுக்குக் கைகாப்பு செய்து பிழைத்தவர்களின் பிழைப்பு அன்றே முறிந்தது. பலர் பூச்சாடியும் நகையும் அலங்காரப் பொருளும் செய்து மேல்நாட்டாருக்கு விற்கும் வழிக்குத் திரும்பினார்கள். கானோ நட்சுவோ என்பவர் வாளணிகளைச் செதுக்குவதில் பெரும்புகழ் பெற்றவர். தடை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே புதிய அரசு அவரை அழைத்து நாணயங்களுக்கு மாதிரி வடிக்கச் சொன்னது. பின்னர் 1890இல் தோக்கியோ கவின்கலைப் பள்ளியில் பேராசிரியரும் ஆனார். இதையெல்லாம் சொன்னேன்.

"கத்திக்குப் பூ வெட்டின ஆளு காசுக்கு அச்சு வெட்டினானா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எல்லாருமா வாத்தியார் ஆயிருப்பான்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அது ஜப்பானைப் பற்றிய கேள்வியும் அன்று. அறுவடை இயந்திரம் வந்தபின் கதிர் அரிவாள் கேட்டு வருவோர் மிகவும் குறைந்துவிட்டார்கள். கடைகளில் ஆலையில் செய்த அரிவாள் தந்தையாரின் கரிச் செலவை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. துருத்தியை எடுத்துவிட்டு மின்விசிறி உலை வைத்ததிலிருந்து மின்கட்டணம் வேறு. "உன் கையில சுத்தி படக்கூடாது" என்பது நான் பிறந்த நாளிலிருந்து இந்த வீட்டில் சட்டம். அந்தச் சட்டத்தினால்தான் நான் கல்லூரியில் இருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு நான் அந்தச் சட்டத்தை மீறினேன்.

லாரிப் பட்டைத் துண்டு ஒன்றை உலையில் சிவக்கக் காய்ச்சி இரவு முழுவதும் சாம்பலில் புதைத்து வைத்தோம். மெல்ல ஆறினால் எஃகு இளகிக் கொடுக்கும், உளிக்கு அடங்கும். என்ன பூ வெட்டுவது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. நம் மலைக்கு நீலோற்பலகிரி என்றொரு பெயர் உண்டு. இந்திரன் இங்கே சுனையில் கருங்குவளையை வளர்த்து முருகனை வழிபட்டான் என்றும், நாளுக்கு மூன்று பூக்கள் பூத்தன என்றும் புராணம் சொல்கிறது. மேலும், சினம் தணிந்த இடம் என்பதால்தானே இது தணிகை? கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் தலங்களில் சூரனை வதைக்கும்போது, நம் ஊரில் சூரசம்ஹாரம் நடப்பதில்லை. மலரால் வழிபாடு நடக்கிறது. வேலுக்கு ஓய்வு தந்து பூவை எடுத்த ஊர்க்காரன் நான். வேறு எதை வெட்டுவேன்?

எட்டு இதழ்கள் வரைந்தேன். துளையிட்டு, உளியால் இடைவெளிகளை எடுத்து, அரத்தால் தேய்த்தேன். கல்லூரி விட்டு வந்து மாலை வேளைகளில் பதினொரு நாள் வேலை. கையில் கொப்புளம் கண்டு உடைந்து மறுபடி கொப்புளம் கண்டது. தந்தையார் தொட மறுத்துவிட்டார். ஓரமாக நின்று பார்த்தார், அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் ஓர் அடி ஓங்கி விழுந்ததில் ஒரு இதழ் ஒடிந்து போயிற்று. ஏழு இதழ்களும் ஒரு வெற்றிடமும். அழாத குறையாக நிமிர்ந்தேன்.

"பத்த வெச்சிடலாமா நைனா?"

"வேணாம். அது தெரியும். இருக்கட்டும்."

நிறமேற்றும் வேலை மட்டும் என்னுடைய பாடத்திட்டத்துக்குள் வந்தது. ஜப்பானியரின் 'ஷாகுதோ' என்பது செம்புடன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தங்கம் சேர்ந்த கலவை. முள்ளங்கியைத் துருவி அதன் சாற்றைப் பூசி, செம்பு உப்புகள் கரைந்த நீரில் வேகவைத்தால், நீலம் ஓடிய கருமை ஏறும். காக்கையின் இறகில் வெயில் படும்போது தெரியுமே, அந்த நிறம். எங்களிடம் தங்கம் ஏது? இரும்புக்கு உரிய வழியை நாடினேன். அவர்கள் இரும்புச் சுபாக்களில் துருவையே பக்குவமாக வளர்த்து, தேய்த்து, பழுப்புப் பட்டுப் போலாக்கி விடுகிறார்கள். துருவை விரட்டுவதே தொழிலாகக் கொண்ட என் தந்தையாருக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. உப்பு நீர் தெளித்து மெல்லிய துரு ஏற்றினேன். பின் கடுக்காயைத் தட்டிக் கொதிக்கவைத்த சாற்றில் ஊறவிட்டேன். கடுக்காயிலுள்ள டானின் துருவிலுள்ள இரும்புடன் கூடிக் கரிய சேர்மம் ஆகிறது. அன்னபேதியும் கடுக்காயும் சேர்த்து நம் பெரியவர்கள் மை காய்ச்சிய அதே வேதியியல்தான். மூன்றாம் நாள் தகடு ஆழ்ந்த கருநிறம் கொண்டது. கருங்குவளை என்று பெயருக்கேற்ப அமைந்தது. அம்மாதான் முதலில் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் துடைத்துத் தந்தார்கள்.

அதை உலைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருந்தோம்.

தை மாதம், கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த சமயம். நகரிப் பக்கத்திலிருந்து ஆள்கட்டோடு வந்திருந்த அம்மாள் ஒருவர் பட்டறைக்கு வந்தார். வலக்கை ஆட்காட்டி விரலில் துணிக்கட்டு. கரும்புச் சாறும் வியர்வையும் சேர்ந்து கத்திப்பிடி வழுக்கி, விரல் அலகில் ஏறிவிட்டதாம். கூலி நாள்கள் நான்கு போயிற்று. பிடியை மாற்றித் தரும்படி கேட்டார். என் தந்தையார் கத்தியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் அது தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு சாதாரணத் தகட்டை வட்டமாக வெட்டி, நடுவே துளையிட்டு, கத்தியின் வாலில் கோத்து, அதன் மேல் பிடியை அடித்தார். துளையில் செம்புத் துண்டு வைக்கவும் மறக்கவில்லை. அந்த அம்மாள் பிடித்துப் பார்த்து இரண்டு முறை வீசினார். கை தகட்டில் முட்டி நின்றது. முகம் மலர்ந்தது. அப்போதுதான் ஆணியில் தொங்கிய குவளையைக் கண்டார்.

"ஆ புவ்வு பெட்டு, அன்னா."

அந்தப் பூவைப் போடுங்கள் என்கிறார். நான் பதறிப் போனேன். பதினொரு நாள் உழைப்பு! கண்காட்சியில் வைக்கலாம், துறைத் தலைவரிடம் காட்டலாம் என்றெல்லாம் எண்ணி வைத்திருந்தேன். அது இதழ் ஒடிந்தது என்றேன், தமிழில். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, விரலை நீட்டி வெற்றிடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்பது போலத் தலையை ஆட்டினார். தந்தையார் தம் பாட்டுக்கு அடுப்புக் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். கொடு என்றும் சொல்லவில்லை, கொடாதே என்றும் சொல்லவில்லை.

நானே ஆணியிலிருந்து எடுத்தேன். துளை சற்றுச் சிறிதாயிருந்தது. அரம் போட்டுப் பெரிதாக்கினேன். செம்பை நானே அடித்தேன். பிடியை இறுக்கும்போது மட்டும் தந்தையார் குறடு பிடித்தார். கூலி எவ்வளவு என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, பிடி மாற்றுகிற கூலியைத்தான் சொன்னார்.

அவர் போனபின் கழற்றி வைத்த சாதாரணத் தகட்டைத் தந்தையார் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இதுல என்னா வெட்டலாம்?" என்றார்.